கேட்டைத் தாண்டிய பலகை

பஞ்சவர்ணத்தைப் பற்றிக் கேட்டால் எங்கள் வரிசை வீடுகளில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். படிப்புப் பைத்தியம் என்பார்கள். வெந்நீர் அடுப்பை அணைத்தவள் என்பார்கள். கம்பெனி சும்மா கொடுத்த விறகில் மண்ணை அள்ளிப் போட்டவள் என்று இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி, ஜூடித். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போட்டுப் போட்டு எனக்குக் கை மெது, வாய்தான் கொஞ்சம் முரடு. நான் சொல்வதை முதலில் கேளுங்கள். மற்றவர்கள் சொல்வதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

அவள் கொள்ளேகால் பக்கத்துப் பெண். அப்பா கட்டட வேலைக்கு மைசூர் வந்த கொத்தனார். மகளைச் சித்தாளாகக் கூட்டிப் போகாமல் காலேஜுக்கு அனுப்பினார் அந்த மனிதர். அவள் கெமிஸ்ட்ரி படித்து, ஊருக்கு வெளியே இருந்த ஒரு சின்ன பேட்டரி கம்பெனியின் லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே தகடு செய்யும் பிரிவில் இருந்த ரத்தினவேலைக் கட்டிக்கொண்டாள். ஒரே பெண், மனிஷா. அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டுக்குள் நாங்கள் எல்லாரும் வரிசையாகக் குடியிருந்தோம். கொல்லையில் பொதுக் குளியலறை. அதில் அடுப்பின் மேலே பதித்த பெரிய செம்பு ஹண்டே. விடிந்தால் அதில் வெந்நீர் கொதிக்காமல் மைசூரில் யார் குளிப்பார்கள்?

மனிஷா பள்ளிக்கூடம் போகும் முன்பே கடைப் போர்டுகளைப் படித்த குழந்தை. ரத்தினவேல் அவளை சைக்கிள் பாரில் உட்கார வைத்து ஒரு சுற்று வருவார். கன்னட எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி, டெய்லர் கடை, பேக்கரி, மருந்துக்கடை என்று உரக்கப் படித்துக்கொண்டே வருவாள். தப்பாகப் படித்தால் நான் சிரிப்பேன். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "ஆன்ட்டி, நீங்களே ஓதிக்கோங்க, போங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் கம்பெனி முதலாளி மல்லப்பனுக்கு பேட்டரியை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆசை வந்தது. வாங்குகிறவர்கள் இந்தப் பொருளால் பூமிக்கு என்னென்ன கெடுதல் என்று எழுதிக் காட்டச் சொன்னார்களாம். அதை எழுதத் தெரிந்தவர் இங்கே யார்? கடல் கடந்த ஒரு யூனிவர்சிட்டியில் அதற்கென்றே ஒரு மேல்படிப்பு இருந்தது. நேரில் போக வேண்டாம், கம்ப்யூட்டர் வழியாகவே பாடம் வரும், கம்ப்யூட்டர் வழியாகவே பரீட்சை. மல்லப்பன் பஞ்சவர்ணத்தின் பேரைக் கொடுத்துச் சேர்த்துவிட்டார். கம்பெனியில் அப்போது இன்டர்நெட் கிடையாது. என் வீட்டுக்காரர் வால்டர் தன் எஸ்டிடி பூத்தின் ஒரு மூலையில் கம்ப்யூட்டரை வைத்து, அதற்குத் துணி போர்த்தி, ஊதுபத்தி காட்டி வைத்திருந்தார். கிறிஸ்தவர் வீட்டில் ஊதுபத்தியா என்று கேட்டால், மழை வந்தால் லைன் போய்விடுகிறதே, எந்தச் சாமியாவது பார்க்கட்டும் என்பார்.

வேலை முடிந்து நேராக அங்கேதான் வருவாள். லைன் கிடைக்கும் வரை அந்தப் பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தும். அவள் பொறுமையாக உட்கார்ந்திருப்பாள்.

"என்ன படிப்புடி இது, வருஷக் கணக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு பொருளு பொறந்ததுல இருந்து சாகற வரைக்கும் எங்கெங்க என்னென்ன அழுக்குப் பண்ணுதுன்னு பாக்கறதுங்கக்கா. ஈயம் மண்ணுல இருந்து வருதில்லைங்க, அங்க ஆரம்பிச்சு, பேட்டரி செத்துப் போயி மறுபடி மண்ணுக்குப் போற வரைக்கும்."

"பேட்டரிக்கு ஜாதகம் எழுதறேன்னு சொல்லு."

"சிரிக்காதீங்க. நெசமாலுமே கட்டம் போட்டுத்தானுங்க எழுதோணும்."

பேப்பரை எடுத்துக் காட்டினாள். நடுவில் பெரிய கட்டம், அது கம்பெனி. உள்ளே வருவதற்கெல்லாம் ஓர் அம்பு. வெளியே போவதற்கெல்லாம் ஓர் அம்பு. புகை, அமிலத் தண்ணீர், கழிவு எல்லாம் கெட்ட கணக்கு. ஒரே ஓர் அம்புக்குப் பக்கத்தில் மட்டும் பச்சை மையில் கூட்டல் குறி போட்டிருந்தாள். அதுதான் பூஜை விறகு.

அதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. ஈயத்தைக் குழைத்து, தகட்டில் பூசி, மரத் தட்டுகளில் அடுக்கிக் காயவைப்பார்கள். வருஷம் பூரா ஈயக்குழம்பில் ஊறிப் பழசான தட்டுகளை ஆயுத பூஜைக்கு முன்னால் கழற்றிப் புதுசு போடுவார்கள். பழசை உடைத்துக் கட்டுக் கட்டாகக் கட்டி வைப்பார்கள். பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்ததும் பொரியும் ஸ்வீட் பாக்கெட்டும் ஆளுக்கொரு விறகுக் கட்டும். ஒவ்வொரு கட்டுக்கும் மல்லப்பன் தன் கையாலேயே குங்குமம் வைத்துக் கொடுப்பார். கம்பெனி ஆட்கள் வீட்டிலெல்லாம் அதை மரியாதையாக எடுத்து வைத்திருப்பார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் ஹண்டேயைத் துலக்கி, சுண்ணாம்புக் கோடு இழுத்து, தண்ணீர் நிரப்பி, எண்ணெய்க் குளியலுக்கு அந்த விறகைத்தான் முதலில் வைப்பார்கள். ரத்தினவேல் சீனியர், அவருக்கு இரண்டு கட்டு. எங்கள் காம்பவுண்டு அடுப்பு குளிர்காலம் முழுக்க அதைக் கலந்துதான் எரிந்தது.

"இதனால வேற மரம் வெட்ட வேண்டீதில்ல பாருங்க. அதுக்கு நமக்கு நல்ல மார்க்கு" என்றாள். அவ்வளவு பெருமை அவள் முகத்தில்.

ஈயம் விஷம் என்று அவளுக்குத் தெரியாதா? லேபில் இருக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கம்பெனிக்குள் கையைக் கழுவாமல் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டாள். அங்கே ஆட்களுக்குத் தினமும் வெல்லக்கட்டி கொடுப்பார்கள், ஈயத்தை முறிக்கும் என்று. ஆனால் கேட்டுக்குள் இருக்கிறவரைதான் அது ஈயத் தட்டு. கேட்டைத் தாண்டிவிட்டால் குங்குமம் வைத்த விறகு. அந்தக் கம்பெனியில் படித்தவர் படிக்காதவர் யாருக்குமே அது வேறு மாதிரி தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் மனிஷாவுக்கு அடிக்கடி வயிற்றுவலி. சாப்பாட்டைக் கண்டாலே ஓடினாள். முகம் வெளுத்துக் கிடந்தது. பூச்சியாக இருக்கும் என்று நான் பூச்சி மாத்திரை கொடுத்தேன், இரும்புச்சத்து டானிக் கொடுத்தேன். அதோடு நின்றால் பரவாயில்லை. டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். போன வருஷம் படித்த எழுத்தையெல்லாம் மறந்துவிடுகிறாள், சொன்னது தலையில் நிற்பதில்லை, சும்மா சும்மா எரிந்து விழுகிறாள் என்றாராம். பஞ்சவர்ணம் வீட்டுக்கு வந்து சிலேட்டை எடுத்து உட்கார வைத்தாள். குழந்தைக்கு ஒரு எழுத்தும் வரவில்லை. முதுகில் ஒரு அடி விழுந்தது. "திமிரு. எல்லாம் திமிரு" என்று கத்தினாள். நான்தான் குழந்தையை இழுத்துக்கொண்டு போனேன்.

பாடமாக அனுப்பிய அந்தக் கட்டத்துக்கு யூனிவர்சிட்டியிலிருந்து பதில் வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் வால்டருக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். கட்டம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, கடைசியில் அங்கே பாடம் நடத்தும் டீச்சர் மூன்று கேள்வி எழுதியிருந்தாள். இந்தப் பலகைகளை வாங்கிப் போகிறவர்கள் எங்கே எரிக்கிறார்கள்? அந்தச் சாம்பல் அப்புறம் எங்கே போகிறது? உங்கள் கோடு ஏன் கேட்டிலேயே நின்றுவிட்டது?

பஞ்சவர்ணம் அதைப் படித்தாள். பிறகு வாய்க்குள்ளேயே தமிழில் சொல்லிப் பார்த்தாள். நான் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன். செருப்பைக்கூடப் போடாமல் அவள் தெருவில் இறங்கி நடந்தாள். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

கொல்லையில் மனிஷா தனியாக உட்கார்ந்து சமையல் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளி வந்து கொட்டாங்கச்சியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்திருந்தாள். அதுதான் சோறு. எங்களைப் பார்த்ததும் ஒரு உருண்டை பிடித்து நீட்டினாள். "அம்மா, ஊட்டா ரெடி" என்றாள். விரலில் ஒட்டியிருந்ததை நக்கினாள்.

பஞ்சவர்ணம் கத்தவில்லை. குழந்தையைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டு போய் வாய்க்குள் விரலைவிட்டுக் கழுவினாள். குழந்தை வீறிட்டது. இவள் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டேன், எதற்கு என்று அப்போது முழுசாகத் தெரியாமலே.

மறுநாள் சர்ச் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது என் சமையலறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். லேபிலிருந்து சின்னச் சின்ன பாட்டில்களும் கண்ணாடிக் குழாய்களும் கொண்டு வந்திருந்தாள்.

"அங்க பண்ணுனா நாலு பேரு பாப்பாங்க. எங்கூட்டுல பண்ணுனா அவரு பாப்பாரு" என்றாள்.

முதலில் டீக்கடை அடுப்புச் சாம்பல். அமிலத்தில் கரைத்து வடிகட்டினாள். தெளிந்த தண்ணீர் வந்தது. அதில் இன்னொரு மருந்தைச் சொட்டு விட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

"ஈயம் இல்லைன்னா இப்படித்தானுங்க இருக்கும். இருந்தா மஞ்சளாகும்."

அடுத்தது எங்கள் வெந்நீர் அடுப்புச் சாம்பல். சொட்டு விழுந்ததும் குழாய்க்குள் மஞ்சள் இறங்கியது, அரைத்த விரலி மஞ்சள் மாதிரி பளிச்சென்று. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, அதுதான் எனக்கு வெறுப்பாக இருந்தது. அடுத்தது, காம்பவுண்டில் தினமும் அந்த அடுப்பை மூட்டும் ராமக்காள் பாத்திரம் தேய்க்க டப்பாவில் சேர்த்து வைத்திருந்த சாம்பல். மஞ்சள். கறிவேப்பிலைச் செடிக்கு உரமாகப் போட்ட மண். மஞ்சள். எந்தச் செடியிலிருந்து நான் நேற்றுதான் ரசத்துக்குக் கொத்து ஒடித்தேனோ அந்தச் செடி. கடைசியாக ஒரு துணித் துண்டை எடுத்தாள். ரத்தினவேலின் யூனிஃபார்ம் சட்டைக் கையிலிருந்து கத்தரித்தது. அதுவும் மஞ்சள்.

அவள் குழாய்களை வரிசையாக வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பயமா இருக்குதுங்கக்கா" என்றாள். "அவளை அடிச்சேனே. மறந்துட்டான்னு அடிச்சேனே."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நானும் அந்த வெந்நீரில் குளித்தவள்தானே. ஆனால் பெரியவர்கள் உடம்பு வேறு. ஈயம் பிஞ்சுகளைத்தான் தேடிப் பிடிக்கும், எலும்பில் போய் உட்காரும், மூளையைத் தொடும் என்று டிரெய்னிங்கில் படித்திருக்கிறேன். படித்ததை அவளிடம் சொல்லவில்லை. அவள் என்னைவிட நன்றாகப் படித்திருந்தாள்.

மனிஷாவுக்கு நானே ரத்தம் எடுத்தேன். அந்தச் சோதனை மைசூரில் அப்போது கிடையாது, வெளியூர் அனுப்ப வேண்டும். ரிசல்ட் வருவதற்குள் அந்த வீடு பட்ட பாடு இருக்கிறதே. பஞ்சவர்ணம் குழந்தையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு போர்டையும் காட்டி, "இது என்ன கண்ணு, படி" என்பாள். பால் கடை வாசலில் "படி". கோயில் வாசலில் "படி". ஒன்றைச் சரியாகப் படித்துவிட்டால் இவள் முகத்தில் உயிர் வரும். அடுத்ததில் தடுமாறினால் போய்விடும். கொஞ்ச நாளில் மனிஷா போர்டைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். "பேடா அம்மா, வேண்டாம்மா" என்று முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். நான் பஞ்சவர்ணத்தைப் பிடித்துத் திட்டினேன். "நீயே அந்தக் குழந்தையைப் பயமுறுத்திக் கொல்லப் போறே" என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விறகை நிறுத்த வேண்டும். அதற்கு ராமக்காளைத் தாண்ட வேண்டும். காம்பவுண்டு அடுப்பு அந்த அம்மாள் ராஜ்ஜியம். ஹனூர்க்காரி, விடியும் முன் எழுந்து அடுப்பு மூட்டுகிறவள். பஞ்சவர்ணம் மஞ்சள் குழாயைக் கொண்டு போய்க் காட்டினாள்.

"இதென்ன, சினிமாக்கொட்டாய் கலரு சோடாவா?" என்றாள் ராமக்காள். "சாமி கும்புட்டுக் குடுத்த வெறகு. இத்தன வருசம் எரிச்சோம், யாரு செத்தா? உம்புள்ளைக்குப் படிப்பு ஏறலீன்னா எங்க அடுப்புல தண்ணி ஊத்துவியா நீயி?"

எனக்கு வந்த கோபத்தில் விறகுக் கட்டைக் காலால் உதைத்துத் தள்ளினேன். குங்குமம் வைத்ததை உதைத்துவிட்டாள் என்று அதுவே பெரிய பேச்சாகிவிட்டது. மற்ற கம்பெனி வீடுகளுக்கும் பஞ்சவர்ணம் போனாள், நானும் கூடப் போனேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் காபி கொடுத்து, தலையாட்டி, நாங்கள் தெரு திரும்பும் முன்பே அடுப்பை மூட்டினார்கள். ஒரு வீட்டில் கைக்குழந்தையை அடுப்போரம் படுக்க வைத்து ஈரத்துணி காயப்போட்டிருந்தாள் ஒருத்தி. பஞ்சவர்ணம் அந்த வீட்டு வாசலைவிட்டு நகர மாட்டேன் என்று நின்றாள். கடைசியில் அந்தப் பெண் பயந்துபோய் விறகை வெளியே தூக்கிப் போட்டாள்.

ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் ஈயம், இருக்கக் கூடியதைப் போலப் பல மடங்கு. டாக்டர் கவரைப் பிரித்துப் பார்த்தார். ஈயம் இல்லாத இடத்தில் குழந்தை இருக்க வேண்டும் என்றார். வீடு, கொல்லை, அப்பாவின் துணி எல்லாம் சுத்தமாகும் வரை வேறு எங்காவது அனுப்பச் சொன்னார்.

அன்று சாயங்காலம் ரத்தினவேல் வேலையிலிருந்து வந்தார். சைக்கிள் மணியைக் கேட்டதும் மனிஷா எப்போதும் போல ஓடினாள். பாரில் ஏற்றிக்கொள்ள அவர் கையை நீட்டுவது வழக்கம். அன்று இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். சைக்கிள் கீழே விழுந்தது.

"கிட்ட வராத, சாமி. அப்பா அழுக்கா இருக்கறன். கிட்ட வராத."

குழந்தை நின்ற இடத்திலேயே நின்றது. தான் எழுத்தை மறந்ததற்குத்தான் அப்பாவுக்கும் கோபம் என்று அது நினைத்துக்கொண்டது. "நான் ஓதறேன்ப்பா, நாளைக்கு எல்லாம் ஓதறேன்" என்றது. அந்த மனிதர் குழாயடியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அதையெல்லாம் நின்று பார்க்க என்னால் முடியவில்லை.

மனிஷாவைக் கொள்ளேகாலில் பஞ்சவர்ணத்தின் அக்கா பூவாத்தாள் வீட்டில் விட்டார்கள்.

பஞ்சவர்ணம் கட்டத்தை மறுபடி போட்டாள். இந்தத் தடவை கோடு கேட்டில் நிற்கவில்லை. விறகு வீட்டுக்கு வந்தது. அடுப்புக்கு, புகைக்கு, சாம்பலுக்கு, பாத்திரத்துக்கு, கறிவேப்பிலைக்குப் போனது. சட்டை இன்னொரு வழியாக வீட்டுக்கு வந்தது. இரண்டு வழியும் போய்ச் சேர்ந்த இடத்தில் அவள் கட்டம் போடவில்லை, சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தாள். அதற்குள் ஒன்றும் எழுதவில்லை.

அதை மல்லப்பனிடம் காட்டினாள். மல்லப்பன் கெட்டவர் இல்லை, பயந்தவர். அதுவரை அவர் வீட்டு ஹண்டேயிலும் பூஜை விறகு எரிந்திருக்கும், பேரன் பேத்திகள் இருந்தார்கள். முகமெல்லாம் வியர்த்துவிட்டதாம்.

"நோடம்மா, இனிமே மரம் வெளிய போகாது. குளிக்கற ரூம் கட்டறேன், யூனிஃபார்ம் இங்கயே தொவைக்கலாம், ஆயிதா?" என்றாராம். "ஆனா இந்த வீட்டுப் பக்கத்தை எடுத்துடு. இதைத்தானே வாங்கறவனுக்கும் அனுப்பணும், வெளிநாட்டுக்காரன் பார்த்தா ஒரு பேட்டரி வாங்க மாட்டான். கம்பெனி மூடினா இத்தனை பேரும் எங்க போவாங்க?"

ரத்தினவேலும் எடுத்துவிடு என்றார். அவருக்கும் பயம், வேலை போய்விட்டால் குழந்தைக்கு வைத்தியம் யார் பார்ப்பது என்று. அன்று வால்டர் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் அந்தப் பக்கத்தை ஒரு தடவை அழித்தாள். மறுபடி சேர்த்தாள். மறுபடி அழித்தாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று வால்டரைக் கேளுங்கள்.

"எடுத்துப்போட்டா அவ எங்கீமே இல்லாத மாதிரி ஆயிருமுங்கக்கா" என்றாள். சேர்த்து அனுப்பிவிட்டாள்.

மல்லப்பன் அவளை வேலையைவிட்டு நீக்கவில்லை. லேபிலிருந்து எடுத்து, சரக்கு அனுப்பும் பிரிவில் உட்கார வைத்தார். வெளிநாட்டு ஆர்டர் வரவில்லை. அதற்கு அவள்தான் காரணமா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. குளியலறை கட்டினார், அதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆயுத பூஜைக்குப் பொரியும் ஸ்வீட்டும்தான், விறகு இல்லை. அன்று ஒருத்தரும் அவளிடம் பேசவில்லை. யூனிவர்சிட்டியிலிருந்து முதல் வகுப்பில் தேறிய சர்ட்டிஃபிகேட் வந்தது. அவள் அதை உறையிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை.

அந்த தசரா கூட்டம் ஓய்ந்த பிறகு மனிஷாவை மறுபடி ரத்தம் எடுக்க அழைத்து வந்தாள். குழந்தை கொஞ்சம் சதை போட்டிருந்தாள். வயிற்றுவலி நின்றிருந்தது. ரிசல்ட்டும் நன்றாகத்தான் வந்தது, எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பஞ்சவர்ணம் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிப்பு?" என்று கேட்டாள்.

"ரத்தத்துல இருக்கறது இறங்கிட்டு வருதும்மா. ஏற்கெனவே தலைக்குள்ள என்ன பண்ணிட்டுப் போச்சுன்னு ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. போகப் போகத்தான் தெரியும்" என்றார் டாக்டர்.

கொல்லை மண்ணை இன்னும் முழுசாக வெட்டி எடுத்து முடிக்கவில்லை. குழந்தையை மறுபடி கொள்ளேகாலுக்கே கூட்டிப் போக வேண்டியிருந்தது. வழியனுப்ப நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மனிஷா பெட்டி மேல் உட்கார்ந்து கோடுபளே முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். போர்டைப் படிக்கச் சொல்லி அவளை இப்போது யாரும் கேட்பதில்லை. எங்களுக்கு முன்னால் சிவப்பு பஸ் ஒன்று பின்னோக்கி வந்து நின்றது.

"கொள்ளேகால" என்றாள் மனிஷா, பஸ்ஸின் போர்டைப் பார்த்து, வாயில் கோடுபளேயோடு.

பஞ்சவர்ணம் என் கையைப் பிடித்தாள். நகம் பதியும்படி பிடித்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். அப்புறம் அது அப்படியே மெல்ல வாடியது. அவள் நினைத்தது எனக்கும் அதே நேரத்தில் தோன்றிவிட்டது. கொள்ளேகால் பஸ் எப்போதும் அந்த இடத்தில்தான் வந்து நிற்கும். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து மனிஷா ஏறுகிற பஸ் அது. போர்டைப் படித்துச் சொன்னாளா, பஸ்ஸைத் தெரிந்து சொன்னாளா?

பக்கத்திலேயே இன்னொரு பஸ் நின்றது. அவர்கள் ஒருநாளும் ஏறாத பஸ், எங்கோ வடக்கே போகிறது, நெற்றியில் பெரிய எழுத்தில் பேர். "அது எந்த ஊரு கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், தெரிந்துவிடும். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கேக்காதீங்க" என்றாள் பஞ்சவர்ணம். "உங்களக் கும்புடறன், கேக்காதீங்க."

எந்தப் பொருளையும் அதன் கடைசி வரை விடாமல் தொடர்ந்து போய்ப் பார்க்கப் படித்தவள் அவள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாக ஏறினாள். ஜன்னலோரம் மனிஷா உட்கார்ந்து எனக்குக் கையாட்டினாள். பஸ் கிளம்பி அந்த இன்னொரு பஸ்ஸைத் தாண்டிப் போகும் வரை, பஞ்சவர்ணம் தன் முந்தானையை விரித்து ஜன்னலை மறைத்துப் பிடித்திருந்தாள்.